முலூகியாவுக்கு ஒரு மூச்சு

கெய்ரோ,
12 மார்ச் 1966

தௌஹீதா அக்காவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. விசாரிக்காமல் ஆரம்பித்தால் அதையும் ஊர் முழுக்கச் சொல்வாய் என்பதால் விசாரிக்கிறேன். நலமா?

நேற்று நம் தும்யாத்துக்காரி ஒருத்தி தன் மகளைப் பார்க்க எங்கள் விடுதிக்கு வந்தாள். எனக்கு அவள் முகம்கூட நினைவில்லை. கையில் முஷப்பக் ஜிலேபிப் பெட்டி. அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்த கூடத்தில் என் தோளைத் தட்டிக்கொடுத்து, "கவலப்படாதம்மா ஸமீஹா. இதயம்னா எல்லாருக்கும் புரிஞ்சிடுமா என்ன? எங்க வீட்டுக்காரருக்கு முப்பது வருஷமாப் புரியல" என்றாள். கூடமே சிரித்தது.

மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டேன், இதயப் பாடத்தில் மட்டும் தவறிவிட்டேன் என்பதை உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். மச்சானிடம்கூடச் சொல்லாதே என்று அடியில் கோடு போட்டு எழுதினேன். அம்மா போன பிறகு எனக்கு மனம் விட்டுப் பேச வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாய்?

பெருநாளுக்கு வரமாட்டேன். படிக்க வேண்டியிருக்கிறது. படிக்க வேண்டியிராவிட்டாலும் வரமாட்டேன்.

ஸமீஹா


தும்யாத்,
21 மார்ச்

என் கோபக்காரத் தங்கைக்கு,

நான் ஊர் முழுக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு உம்மு ஷஃபீக்கிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் துணி காயப்போடும்போது, மெதுவான குரலில். அவள் ஊர் முழுக்கச் சொன்னதற்கு நான் என்ன செய்ய? உன்னைப் பற்றிப் பேச எனக்குத் தினமும் ஏதாவது வேண்டியிருக்கிறது ஸமீஹா. நீ தேறினால் அதைப் பேசுவேன், தவறினால் இதைப் பேசுவேன். பேசாமல் இருக்கத்தான் முடியவில்லை.

உன் மச்சான் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. "டாக்டராகப் போற பொண்ணு மானத்த வாங்கிட்டியே" என்றார். அவர் இப்போது ஒரு நீதிபதி வீட்டுக்கு வாசற்கதவு செய்கிறார். பட்டறையை வீட்டு முற்றம்வரை கொண்டுவந்துவிட்டார். சோற்றில்கூட மரத்தூள்தான். மாமி தினமும் அதற்காக ஒரு சண்டை போடுகிறார்.

சரி, தப்பு என்னுடையது. அதற்குப் பரிகாரம் சொல்கிறேன், கேள். இதயம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு எழுது. முட்டி வீங்கிக் காய்ச்சலில் படுத்த வருஷத்தோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அப்படிப்பட்ட எனக்கே விளங்கும்படி எழுதினால் உன் பேராசிரியருக்கும் விளங்கும். எனக்கும் பொழுது போகும். இப்போதெல்லாம் மாடிக்குப் போய்ப் புறாக்களைப் பார்ப்பதில்லை, அந்த வேலையை மாமி எடுத்துக்கொண்டுவிட்டார்.

சுருக்காமல் எழுது. எல்லாவற்றையும் எழுது.

உன் தௌஹீதா


கெய்ரோ,
28 மார்ச்

அக்கா,

கோபம் இன்னும் இருக்கிறது. பாடம் தனி, கோபம் தனி.

இதயம் உன் மூடிய கையளவு. அதில் நான்கு அறைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் வருகிற இரத்தத்தை வாங்கிக்கொள்ளும். கீழறைகள் அதை வெளியே தள்ளும். வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே காற்றை ஏற்றிக்கொண்டு இரத்தம் இடப்பக்கத்துக்கு வருகிறது. இடப்பக்கம் அதை உடம்பு முழுக்க, உன் நாக்கின் நுனிவரைக்கும் அனுப்புகிறது. உன் நாக்குக்கு மற்றவர்களைவிட அதிகம் அனுப்புகிறது என்று நினைக்கிறேன்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவு உண்டு. ஒரு பக்கம்தான் திறக்கும். போன இரத்தம் திரும்பி வர விடாது. நெஞ்சில் காது வைத்தால் லப், டப் என்று கேட்கிறதே, அது கதவுகள் மூடுகிற சத்தம். நல்ல கதவு திறக்கும்போது சத்தமே போடாது.

நோய் வந்த கதவுகள் வேறு சத்தம் போடும் என்கிறார்கள். வார்டில் எல்லாரும் நோயாளி நெஞ்சில் குழாயை வைத்துத் தலையாட்டுகிறார்கள். எனக்கு மட்டும் எதுவும் கேட்பதில்லை. அதில்தான் தவறினேன். இதை உம்மு ஷஃபீக்கிடம் சொல்லாதே.

பெருநாளுக்கு ஆடு அறுத்ததும் அதன் இதயத்தை வாங்கி அறுத்துப் பார். நம்முடையதும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஸமீஹா


தும்யாத்,
6 ஏப்ரல்

ஆசிரியை அம்மாவுக்கு,

பெருநாள் காலையில் ஈரலோடு இதயத்தையும் பொரித்துத் தின்பது இந்த வீட்டு வழக்கம். நான் அதை எடுத்து ஒளித்து வைத்தேன். மாமி வீடு முழுக்கத் தேடி, கடைசியில் பூனை மேல் பழி போட்டார். பூனைக்கு ஒரு செருப்படியும் விழுந்தது. அந்தப் பாவத்தில் பாதி உனக்கு.

கதவைப் பார்த்தேன் ஸமீஹா. இவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று நீ எழுதவே இல்லையே. வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, அந்தப் பக்கம் விரலை வைத்தால் நிழல் தெரிகிறது. அதன் ஓரங்களைக் கீழே இருந்து நூல் நூலாக எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நோஞ்சான் கதவை நம்பியா நாம் மாவு பிசைந்து, துணி துவைத்து, சண்டை போட்டு நடமாடுகிறோம்? வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பூனைக்கே போட்டுவிட்டேன், அடி வாங்கியதற்காக.

கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கதவின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பாதிதான் திறக்கிறது என்று வைத்துக்கொள். எதனால் அப்படி ஆகும்? தானாக விட்டுப்போகுமா? மருந்துக்கு விடுமா? அப்படிப்பட்டவள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? எதையும் விடாமல் எழுது.

தௌஹீதா


கெய்ரோ,
17 ஏப்ரல்

அக்கா,

உன் கேள்விகளை என் அறைத்தோழியிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவ இங்க அனுப்பிட்டு நீ ஊருக்குப் போ" என்றாள். பரீட்சையில் வந்த கேள்வியே இதுதான். என் கோபம் முக்கால்வாசி போய்விட்டது என்று வைத்துக்கொள்.

சின்ன வயதில் தொண்டை நோவும் மூட்டு வீக்கமுமாக ஒரு காய்ச்சல் வரும். மூட்டைக் கொஞ்ச நாள் படுத்திவிட்டுப் போய்விடும். போகிறபோது இதயத்தின் இடப்பக்கக் கதவில் புண் வைத்துவிட்டுப் போகும். அது ஆறும்போது ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். பல வருஷங்களுக்கு எதுவும் தெரியாது. பிறகு படியேறினால் மூச்சு வாங்கும், இருமல் வரும், தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை வைக்க வேண்டிவரும். கதவு வழிவிடாததால் இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது, அதனால்தான். கன்னம் மட்டும் ரோஜா மாதிரி சிவந்திருக்கும். பார்க்கிறவர்கள் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொள்வார்கள். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். தானாக விடாது. மருந்து தேங்கியதை வடிக்கும், கதவைத் திறக்காது.

இப்படிப்பட்டவள் கர்ப்பமானால்தான் பெரிய ஆபத்து. உடம்பில் இரத்தம் பெருகும், கதவு அதே கதவு. புத்தகம் இதை இரண்டே வரியில் முடித்துவிடுகிறது: நோய் முற்றியிருந்தால் ஆரம்பத்திலேயே கர்ப்பத்தைக் கலைத்துவிடுவது நல்லது.

அடுத்த கேள்விகளை அனுப்பு. உன்னால் நான் தேறிவிடுவேன் போலிருக்கிறது.

உன் ஸமீஹா


தும்யாத்,
22 மே

ஸமீஹா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். போன பாடம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் புத்தகத்தை எழுதியவனுக்கு மனைவி, மக்கள் யாரும் இல்லை போலிருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று. ஆறு வருஷம் கழித்து அல்லாஹ் கண் திறந்தான். நான்கு மாதம் முடிந்துவிட்டது. உன் மச்சான் நீதிபதியின் கதவை ஓரமாகச் சாத்திவிட்டுத் தொட்டில் செய்ய உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஆள் மேல் ஆள் அனுப்புகிறார், இவர் கண்டுகொள்வதில்லை. மாமி என் முகத்தைப் பார்த்து, "கன்னம் இப்படிச் செவந்தா பொண்ணுதான்" என்று முடிவே செய்துவிட்டார். தெருவில் எல்லாரும் என் நிறத்தைச் சொல்கிறார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று சிரித்து வைக்கிறேன்.

முலூகியாக் கீரை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முயல் கறியோடு சமைத்தேன். பூண்டும் கொத்தமல்லி விதையும் நெய்யில் சிவந்து, தாளிப்பைப் பானையில் கொட்டுகிற நேரத்தில் வழக்கப்படி எல்லாருக்கும் கேட்கும்படி மூச்சை இழுக்கப் போனேன். வரவில்லை, இருமல்தான் வந்தது. மூச்சிழுக்காத முலூகியா எப்படி ருசிக்கும்? மாமி கூடத்திலிருந்து ஓடி வந்து எனக்குப் பதிலாகத் தானே "ஹ்ஹா" என்று இழுத்துவிட்டு, "போன வெள்ளிக்கிழமையும் நாந்தான் இழுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். சாப்பிடும்போது உன் மச்சான் இது அம்மா கைமணம் என்றார். எல்லாரும் சிரித்தோம்.

உன் பரீட்சை எப்போது?

தௌஹீதா


கெய்ரோ,
25 மே

அக்கா,

தெருவே அதிரும்படி மூச்சிழுப்பவள் நீ. அம்மா உன்னைத் திட்டுவாளே, மூன்றாவது வீட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறது என்று.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். புறாக்கள். முட்டி. கன்னம். நீ கேட்ட கேள்விகள். நான் ஒரு முட்டாள். பெருமையாக வேறு பதில் எழுதினேன், அறைத்தோழிக்கு வேறு படித்துக் காட்டினேன். அந்த இரண்டு வரியையும் உனக்கே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய்? எந்த டாக்டர் பார்த்தார்? என்ன சொன்னார்? மச்சானுக்குத் தெரியுமா?

உடனே பதில் போடு. பயமாக இருக்கிறது அக்கா.

ஸமீஹா


தும்யாத்,
30 மே

கண்மணி,

உன்னை முட்டாள் என்று யாரும் சொல்ல விடமாட்டேன், நீயே சொன்னாலும்.

மூன்று தலையணை. டாக்டரிடம் மார்ச் மாதத்திலேயே போனேன், உம்மு ஷஃபீக் துணையோடு, பல் வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு. பார், அவள் சொல்லக்கூடாததைச் சொல்ல மாட்டாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், புருவத்தைச் சுருக்கினார். கதவு ஒட்டியிருக்கிறது, பிள்ளையைக் கலைத்துவிடு, உப்பை விடு என்றார். தும்யாத்தில் உப்பை விடுவதா? இங்கே பாலாடைக்கட்டி உப்பு, மீன் உப்பு, காற்றே உப்பு. அதையும் விட்டுவிட்டேன். மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன். பிள்ளையைத்தான் விட முடியவில்லை.

அவருக்குத் தெரியாது. சொன்னால் அவர் என்னைத்தான் தேர்ந்தெடுப்பார். அது எனக்குத் தெரியும், அதுதான் பயம். பாதி செய்த தொட்டிலைப் பிரித்து அடுப்பில் வைத்துவிட்டு, "நீ இருந்தா எனக்குப் போதும்" என்பார். அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன்?

உன்னிடம் பாடம் கேட்டது இதற்குத்தான். எங்காவது ஒரு வழி இருக்கும், நீ அறியாமல் எழுதிவிடுவாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் அதற்காகவே பிரித்தேன். இல்லை. சரி.

இனிமேல் பாடம் சொல்லு, தீர்ப்பு சொல்லாதே. அவருக்கு எழுதினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

தௌஹீதா


கெய்ரோ,
5 ஜூன்

அக்கா,

மச்சானுக்கு நான் எழுத மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். ஆனால் பாடம் முடியவில்லை. உன் கேள்வி ஒன்றுக்கு அரைகுறையாகப் பதில் எழுதிவிட்டேன். கதவு தானாக விடாது, மருந்துக்கும் விடாது. கைக்கு விடும்.

பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றேன். தவறிய மாணவி மதிப்பெண் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் கதையைச் சொன்னதும் உட்காரச் சொன்னார்.

இங்கே ஓர் அறுவை மருத்துவர் இருக்கிறார். நெஞ்சின் இடப்பக்கம் விலாவுக்கு நடுவே திறக்கிறார். இதயத்தை நிறுத்துவதில்லை. அது துடித்துக்கொண்டே இருக்கும்போது, மேலறையில் காது மாதிரி இருக்கிற மடிப்பின் வழியாக ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, ஒட்டிய ஓரங்களை விரலாலேயே பிரித்துவிடுகிறார். கர்ப்பிணிகளுக்கும் செய்திருக்கிறார். எல்லாரும் பிழைத்தார்களா என்று கேட்பாய். இல்லை, ஒருத்தி பிழைக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள். இந்த மாதம்தான் சரியான சமயம், பிறகு இரத்தம் இன்னும் பெருகிவிடும் என்கிறார்.

மச்சான் உன்னைத் தேர்ந்தெடுப்பார் என்று பயப்படுகிறாய். நானும் உன்னைத்தான் தேர்ந்தெடுப்பேன். எங்கள் இரண்டு பேரையும் அந்த நிலைமையில் வைக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. வா.

ஸமீஹா


தும்யாத்,
11 ஜூன்

ஸமீஹா,

சொல்லிவிட்டேன்.

தொட்டிலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாளைக் கீழே வைத்தார். "ஆறு வருஷமா எங்கூட இருக்கே. நான் எதத் தேர்ந்தெடுப்பேன்னு எங்கிட்டக் கேக்காமலே முடிவு பண்ணிட்டே" என்றார். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு உன் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். விரல் வருகிற இடத்தில் நிறுத்தி மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"கண்ணால பாக்காமலா செய்றாரு?"

"பாக்காமத்தான். தொட்டுப் பாத்து."

தன் ஆள்காட்டி விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒட்டின கதவ உளி போட்டு நெம்புறவன்கிட்ட உன்ன விடமாட்டேன். தொட்டுத் தொறக்கிறவன்னா அவனுக்குக் கதவு தெரியும். போவோம்" என்றார். அப்புறம் மாடிக்குப் போய்ப் புறாக்களோடு நின்றுகொண்டார். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. மரத்தூள் என்றார்.

மாமி என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார். உப்பில்லாத பாலாடைக்கட்டி எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது. அதன் ருசி உன் புத்தகத்தின் ருசிதான். வியாழக்கிழமை வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்து நில். படிகள் இல்லாத பக்கமாக.

தௌஹீதா


ஆஸ்பத்திரி,
19 ஜூன்

அக்கா,

பக்கத்து வார்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் சொல்ல வந்தால் அழுதுவிடுவேன். டாக்டராகப் போகிறவள் அழுதாள் என்று நீ ஊர் முழுக்கச் சொல்வாய். நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன், மச்சானிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

நேற்றுப் பேராசிரியர் என்னை உன் கட்டிலுக்கு அழைத்து, குழாயை என் காதில் மாட்டி, "என்ன கேக்குது?" என்றார். நீ மூச்சை அடக்கிக்கொண்டு எனக்கு உதவி செய்தாய், கவனித்தேன். முதலில் வழக்கம்போல லப், டப். பிறகு கேட்டது. நம் தெருவில் கல் பாவிய திருப்பத்தில் கட்டை வண்டி போகும்போது தூரத்திலிருந்து வருமே, அந்த உருளுகிற சத்தம். புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கேட்டது. கேட்டதும் ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன் அக்கா. அப்புறம்தான் அது உன் நெஞ்சு என்பது உறைத்தது.

அந்தச் சத்தம் எனக்கு மறக்காது. நாளைக்குப் பிறகு அது கேட்கக்கூடாது என்றுதான் துஆ செய்துகொண்டிருக்கிறேன். என்னை உள்ளே நிற்க அனுமதித்திருக்கிறார்கள். நான் நிற்பேன். உன் தலைமாட்டில் நிற்பேன். நீ கண் விழிக்கும்போது திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

பெருநாளுக்கு வராததற்கு என்னை மன்னித்துவிடு. படிக்க வேண்டியிராவிட்டாலும் வரமாட்டேன் என்று எழுதியது பொய்.

உன் ஸமீஹா


தும்யாத்,
28 அக்டோபர்

டாக்டர் ஸமீஹாவுக்கு,

இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று திருத்தாதே. நீ தேறிய செய்தியை உம்மு ஷஃபீக்கிடம் சொல்லவில்லை. மாடிக்கு ஏறிப் போய், புறாக்கூண்டுப் பக்கம் நின்று, தெருவுக்கே கேட்கும்படி நானே சொன்னேன். ஒரே மூச்சில் ஏறினேன். தழும்பு குளிர்காற்றுக்குக் கொஞ்சம் இழுக்கிறது. அவ்வளவுதான்.

உன் அக்கா மகளுக்கு நேற்று ஏழாம் நாள் சடங்கு. பெண்தான். மாமியைக் கையில் பிடிக்க முடியவில்லை, "கன்னத்தப் பாத்து நான் சொன்னேன்ல? உன் தங்கச்சி புஸ்தகத்துல இருக்கா இது?" என்று கேட்கிறார். நீயே பதில் எழுதிக்கொள். பெயர் இன்ஷிராஹ். நெஞ்சு விரிந்து லேசாவது என்று பொருள் சொல்லி உன் மச்சான்தான் வைத்தார். நீதிபதிக்கும் கதவு போய்ச் சேர்ந்துவிட்டது.

நீ வார்டை விட்டு வர முடியாது என்று எழுதியதும் எனக்கு வருத்தம்தான். திட்ட வேண்டும் போலவும் இருந்தது. பிறகு, அங்கே யாருடைய நெஞ்சிலோ காது வைத்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வழக்கப்படி பிள்ளையைச் சல்லடையில் படுக்க வைத்து, காதுக்குப் பக்கத்தில் மாமி பித்தளை உரலை இடித்தார். அம்மா சொல் கேள், அப்பா சொல் கேட்காதே என்று இடித்த இடியில் வந்திருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவள் கண்ணைத் திறக்கவில்லை. பயமே இல்லாத பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

பிறகு விருந்துச் சமையல். என்னை அடுப்பங்கரைக்கு விடவில்லை, மாமிதான் எல்லாம். இந்த வருஷத்தின் கடைசி முலூகியா. தாளிப்பு சிவக்கிற வாசனை வந்ததும் நான் வாசற்படிவரை போய் நின்றேன். மாமி திரும்பிப் பார்த்தார். வாணலியை என் கையில் கொடுத்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

கொட்டினேன். இழுத்தேன். நெஞ்சின் அடிவரைக்கும் போனது ஸமீஹா, எங்கும் தடுக்கவில்லை. அரட்டை அடித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். முற்றத்தில் உன் மச்சான் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தார். உரல் இடிக்கு அசையாத பிள்ளை தூக்கிவாரிப் போட்டு எழுந்து, வீடே இடிகிற மாதிரி அழுதது.

மாமி கரண்டியால் ஒரு துளி எடுத்து ருசி பார்த்தார். "இப்பதான் முலூகியா" என்றார்.

எனக்குக் கெய்ரோவரைக்கும் போயிருக்கும் என்று தோன்றியது. உனக்குக் கேட்டதா?

உன் தௌஹீதா